கன்னிப்பூ, கும்பப்பூ, பயறு, மரச்சீனி: எந்த நிலத்துக்கு எந்த உழவு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் உழவு என்றாலே இப்போது பெரும்பாலும் டிராக்டரில் மாட்டி மண்ணை அரைக்கும் ரோட்டவேட்டர்தான். நெல்லுக்கும் அதுதான், உளுந்துக்கும் அதுதான், மேற்கே சரிவில் மரச்சீனி (மரவள்ளி) போடுகிறவருக்கும் அதுதான். வண்டி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது எது வருகிறதோ அதை வைத்து ஓட்டிவிடுகிறோம், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் களிமண் வயலும், கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் சரிவும், மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலும் ஒரே மாதிரி உழவைத் தாங்காது. நம் மாவட்டத்துக்கு மழையும் இரண்டு, தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஒரே வயலில் வருடத்துக்கு இரண்டு நெல் (முதல் போகம் கன்னிப்பூ, இரண்டாவது கும்பப்பூ), நடுவில் ஒரு பயறு என்று நிலம் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. இந்தப் பயிருக்குச் செய்கிற உழவின் பலனையோ கேட்டையோ அடுத்த பயிர்தான் அனுபவிக்கிறது. எனவே உழவை முடிவு செய்யும்போது இப்போது போடப்போகிற பயிரோடு நிறுத்தாமல், அதற்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

வண்டிக்குச் சொல்வதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். அறுவடை முடிந்து மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே போக வேண்டும், காய்ந்து வெடித்த பிறகு தோண்டினால் ஒன்றும் தெரியாது. வரப்போரம் வேண்டாம், நடு வயலில் இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி. குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தி நுனியால் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வாருங்கள். மேலே மெதுவாக இறங்கும் கத்தி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் திடீரென்று முட்டி நின்று, அதற்குக் கீழே மறுபடியும் எளிதாக இறங்கினால், அங்கே ஒரு கெட்டித் தட்டு இருக்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்கில் தொளி உழவு (தண்ணீர் கட்டிச் சேறாகக் கலக்கும் உழவு) செய்ததாலும், ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டியதாலும், ஈர வயலில் அறுவடை வண்டி ஏறி இறங்கியதாலும் உண்டாகும் தட்டு இது.

பழைய பயிரின் வேரையும் பாருங்கள். நெல் வேரில் இது அவ்வளவாகத் தெரியாது. போன கோடையில் போட்ட உளுந்தின் ஆணிவேரோ, வரப்போரம் தானாக முளைத்த செடியின் வேரோ நேராக இறங்காமல் ஒரு இடத்தில் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தால், தட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அந்த வேரே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் பதம். உழப்போகிற ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழுந்து உதிர்ந்தால் உழலாம். உருண்டை அப்படியே சப்பிக்கொண்டு கிடந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மண் காய்ந்துவிட்டது, ஓட்டினால் பாறை மாதிரிக் கட்டிகள்தான் வரும், இல்லையென்றால் மாவாகப் பறக்கும். தொளி உழவையும், பின்னால் சொல்லப்போகிற உளிக்கலப்பை உழவையும் தவிர மற்ற எல்லா உழவுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ஈரம் மிஞ்சிய களிமண்ணில் ஒரு தடவை ஓட்டினால் போதும், அந்தக் கட்டியை உடைக்க அந்தப் போகம் முழுக்க மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

எந்தக் கருவி எவ்வளவு ஆழம் போகும்

நாட்டுக் கலப்பை 10 முதல் 12 செ.மீ. போகும். டிராக்டரில் மாட்டும் கொத்துக் கலப்பை, அதாவது ஐந்து கொழு, ஒன்பது கொழு என்று சொல்கிறோமே அந்தக் கல்டிவேட்டர், 10 முதல் 15 செ.மீ. ரோட்டவேட்டரும் ஏறக்குறைய அதே ஆழம்தான். ஆனால் வேலை வேறு. கல்டிவேட்டர் மண்ணைக் கீறி விலக்கும், ரோட்டவேட்டர் மண்ணை அரைக்கும். மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பை 20 முதல் 25 செ.மீ., சட்டிக் கலப்பை 20 முதல் 30 செ.மீ. மண்ணைப் புரட்டாமல் கீழே போய்க் கீறிவிட்டு மட்டும் வருவது உளிக்கலப்பை, அது 40 செ.மீ. வரை இறங்கும்.

ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண் என்பது கிட்டத்தட்ட 900 டன். அத்தனையையும் கிளறுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், தேவையில்லாமல் இன்னொரு சால் ஓட்டச் சொல்வதற்கு முன் ஒரு தயக்கம் வரும். டீசல் போகிறது, மட்கும் போகிறது. கிளறக் கிளற மண்ணுக்குள் காற்று புகுந்து கரிமச் சத்து வேகமாக எரிந்து தீர்கிறது. நம் வெயிலிலும் ஈரத்திலும் இது இன்னும் வேகமாக நடக்கும்.

‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பது பல நிலத்துக்குச் சரி. ஆனால் நெல் வயலில் கீழே இருக்கும் அந்தக் கெட்டித் தட்டுதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதை உடைத்துவிட்டு நெல் போட்டால் மடையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. மேலே செம்மண் சரிவிலோ, ஆழ உழுதால் அடியில் இருக்கும் சரளை மேலே வந்துவிடும். ஆழம் யாருக்கு வேண்டும் என்று பார்த்துத்தான் ஆழ உழ வேண்டும்.

கன்னிப்பூ: பொடியில் விதைப்பதா, தொளியில் நடுவதா?

மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுவடை முடிகிறது. பேச்சிப்பாறை அணை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கிறார்கள். நடுவில் கோடை மழை ஒன்றிரண்டு கிடைக்கும். இந்த இடைவெளியை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கன்னிப்பூவின் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது.

பழைய வழி பொடி விதைப்பு, அதாவது தொளி அடிக்காமல் புழுதி மண்ணில் நேராக விதைப்பது. கோடை மழை ஒன்று விழுந்ததும் பதம் பார்த்து, கொத்துக் கலப்பையால் ஒரு உழவு. நெல் கட்டை (அறுத்த பிறகு நிற்கும் அடித்தாள்), அதில் ஒளிந்திருக்கும் தண்டுத் துளைப்பான் புழு, கோரைக் கிழங்கு எல்லாம் மேலே வந்து வெயிலில் காயும். இங்கே ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம், அது கோரைக் கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கி வயல் முழுக்கப் பரப்பிவிடும். அடுத்த மழையில் களை முளைக்கும், முளைக்க விடுங்கள். பிறகு மேலாக, 5 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு தடவை ஓட்டி அந்தக் களையை அழித்துவிட்டு விதையுங்கள். ஆழமாக ஓட்டினால் கீழே உறங்கும் களை விதையெல்லாம் மேலே வந்து, செய்த வேலை வீணாகும். களை நெல் (களையாகத் தானே முளைக்கும் நெல்) தொந்தரவு இருக்கிற வயலில் இந்த இரண்டு கட்ட உழவை விட்டுவிட்டுப் பொடி விதைப்பை நினைக்கவே கூடாது.

கையால் வீசி விதைப்பதாக இருந்தால் ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை வேண்டும். விதைப்புக் கருவி கிடைத்தால் 20 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைக்கலாம், விதையும் குறையும், களைக்கருவி ஓட்டவும் வரிசை இருக்கும். ஜூனில் கால்வாயில் தண்ணீர் வரும்போது பயிர் நன்றாக வேர் ஊன்றி நிற்கும், அதற்குப் பிறகு தண்ணீர் கட்டலாம்.

பொடி விதைப்பில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் மண்ணின் அமைப்பு கெடுவதில்லை. தொளி கலக்கும்போது மண் கட்டிகள் எல்லாம் உடைந்து, நுண்ணிய களி கீழே படிந்து துளைகளை அடைத்துவிடுகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை அப்படி அடைப்பதும் ஒரு தடவை மட்டும் அடைப்பதும் ஒன்றல்ல. மூன்றாவதாகப் பயறு போடுகிறவர்கள் கன்னிப்பூவிலாவது தொளியைத் தவிர்த்தால் நல்லது. நிலத்தைத் தயார் செய்ய மட்டும் தொளி உழவு 150 முதல் 250 மி.மீ. தண்ணீரைக் குடிக்கும், அதுவும் மிச்சம்.

ஆனால் இது எல்லா வயலுக்கும் இல்லை. மணல் கலந்த வயலில் பொடி விதைப்பு செய்தால் பின்னால் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். கோடை மழையிலேயே தண்ணீர் தேங்கிவிடும் பள்ளக்கால் வயலில் விதை அழுகும். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில், களைக்கொல்லியும் அடிக்க மாட்டேன் என்றால், பொடி விதைப்பு உங்களைக் கைவிட்டுவிடும். இந்த மூன்று இடத்திலும் தொளி நடவே மேல்.

கும்பப்பூ: தொளி அடிப்பதில் கணக்கு

கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் நடுவில் சில வாரங்கள்தான். வடகிழக்கு மழை வேறு நெருங்கிக்கொண்டிருக்கும். இங்கே தொளி உழவுதான் பொருத்தம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சொல்ல வேண்டியது எத்தனை தடவை, எப்போது என்பதுதான்.

முதல் தொளிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். உழும்போது மேலே 2.5 செ.மீ. தண்ணீர் நின்றால் போதும். முழங்கால் தண்ணீரில் வண்டி விட்டால் சக்கரம் தண்ணீரைத்தான் கலக்கும், கட்டை மண்ணுக்குள் அமுங்காமல் மிதக்கும். நெல் கட்டை மட்கும்போது அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நட்டால் பயிர் மஞ்சளாக நிற்கும், நாம் யூரியா பத்தவில்லை என்று மேலே மேலே கொட்டுவோம். அதற்குப் பதிலாக முதல் தொளியின்போதே எக்டேருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்கு சுமார் 9 கிலோ யூரியா போட்டு உழுதுவிட்டுக் குறைந்தது 10 நாள் விடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தப் பத்து நாளும் வயலில் ஈரம் காயக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது தொளி நடவுக்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ. அதோடு மரமடித்துச் சமன் செய்துவிட வேண்டும். சமன்தான் இங்கே உயிர். மேட்டில் களையும் பள்ளத்தில் அழுகலும் வருவதற்கு உழவு பத்தாதது காரணம் இல்லை, மட்டம் சரியில்லாததுதான் காரணம். பெரும்பாலான வயலுக்கு இரண்டு தொளி தாராளம். மூன்றாவது, நான்காவது தடவை கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்) விட்டு ஓட்டுவதால் நெல்லுக்குப் பெரிதாக எதுவும் கூடுவதில்லை, கெட்டித் தட்டுதான் இன்னும் இறுகும். மணற்பாங்கான வயல் மட்டும் விதிவிலக்கு, அங்கே தண்ணீர் இறங்குவதைத் தடுக்க இன்னொரு சால் கூடுதலாகத் தேவைப்படலாம். இயந்திர நடவு என்றால் தொளி அடித்த உடனே வண்டியை இறக்கக்கூடாது. களி வயல் ஒன்றிரண்டு நாள் தெளிய வேண்டும், இல்லாவிட்டால் நாற்று சாய்ந்துவிடும்.

பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்போ போட்டு மடக்கி உழ இடமிருந்தால், கோடை இடைவெளியில் பயறு போடாத வயலில் செய்யுங்கள். பூ எடுக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில் மடக்கலாம். இந்த வேலைக்கு மட்டும் ரோட்டவேட்டர் கச்சிதம்.

கும்பப்பூ முடிந்து உளுந்து, பாசிப்பயறு: உழாமலே விதைப்பது

நம் ஊர்க் களிமண் வயலுக்கு உழவே இல்லாத முறை இந்த ஒரு பருவத்தில் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. பிப்ரவரி கடைசியோடு வழக்கமாகக் கால்வாய்த் தண்ணீர் நின்றுவிடும். அறுவடை முடித்து, மண் காய்ந்து பதம் வரக் காத்திருந்து, உழுது, கட்டி உடைத்து, மறுபடி ஓட்டி விதைப்பதற்குள் வயலில் இருந்த ஈரம் முழுக்கக் காற்றோடு போய்விடும். பிறகு மோட்டார் இருப்பவர் மட்டுமே பயறு போட முடியும். உழாமல் விதைத்தால் அந்த ஈரமே பயிரின் தண்ணீர்.

செய்முறை இதுதான். நெல் முற்றும்போது தண்ணீரை வடித்துவிடுங்கள். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும், கால் வைத்தால் தடம் விழும், ஆனால் தண்ணீர் கசியாது. அப்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையை, ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நெல்லுக்குள்ளேயே சீராக வீசுங்கள். ஆள் வைத்து அறுப்பவர்களுக்கு இது சரி. அறுவடை வண்டி வரும் என்றால் அவ்வளவு முன்னாடி விதைத்து முளைத்த செடி சக்கரத்தில் நசுங்கும், அதனால் வண்டி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் விதையுங்கள். டயர் வண்டியை விட செயின் வண்டி நல்லது, தடம் ஆழமாகப் பதியாது. வண்டி வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலை அன்றைக்கே கலைத்துப் பரப்பிவிடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள், வைக்கோல் குவியலுக்கு அடியில் பயறு வெளிறிப் போகும். மெல்லிய வைக்கோல் போர்வை இருந்தால் ஈரம் காக்கும், அது நல்லதே.

அடியுரம் போட வழியில்லாத முறை என்பதால் இலைவழியாகக் கொடுப்பதை விட்டுவிடக்கூடாது. பூக்கும் போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து ஒரு தடவையும் 2 சதவீத டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசல்: ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. மணல் வயலில் ஈரம் நிற்காது, அங்கே ஒரு உழவும் ஒரு தண்ணீரும் கொடுத்தே ஆக வேண்டும். கோரை மண்டிய வயலிலும் உழாமல் விதைக்காதீர்கள், பயறை மூடிவிடும். நெல் கட்டையில் துளைப்பான் அதிகம் இருந்த வருடம் என்றால், பயறு எடுத்தவுடன் கோடை உழவை மறக்காமல் செய்யுங்கள்.

கெட்டித் தட்டை உடைப்பது யாருக்கு?

நெல் மட்டுமே போடுகிறவருக்குத் தேவையில்லை, மேலே சொன்னேன். வயலை வாழைக்கோ தென்னைக்கோ மாற்றுகிறவர், அல்லது மேட்டு நிலத்தில் வருடக்கணக்காக ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டியவர், குழியில் தட்டைக் கண்ணால் பார்த்தவர், இவர்களுக்குத்தான். உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டுவது பரிந்துரை. முதலில் ஒரு திசை, பிறகு குறுக்கே. இதை மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். காய்ந்த மண்ணில் தட்டு நொறுங்கும், ஈர மண்ணில் கொழு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போய்விடும், வாடகைதான் போகும். ஓட்டிய பிறகு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மட்கிய தென்னை நார்க்கழிவோ பரப்பிச் சட்டிக் கலப்பை ஒரு தடவையும் கொத்துக் கலப்பை இரண்டு தடவையும் ஓட்ட வேண்டும். மட்கு சேர்க்காமல் தட்டை மட்டும் உடைத்தால் இரண்டு மழையில் பழையபடி இறுகிவிடும். ஒருமுறை செய்தால் மூன்று வருடத்துக்குப் போதும்.

மேற்கே சரிவில் மரச்சீனி

இங்கே நான் கடுமையாகவே சொல்கிறேன்: சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக டிராக்டர் ஓட்டவே ஓட்டாதீர்கள். வண்டி ஓட்டுபவருக்கு அதுதான் சுலபம், திரும்ப இடம் கிடைக்கும். ஆனால் ஜூன் மழையில் ஒவ்வொரு சாலும் ஓடையாகிவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது பெய்த மாதிரி மழை வந்தால், புதிதாக அரைத்துப் போட்ட மேல்மண் மிஞ்சாது. செம்மண்ணில் உருப்படியான மட்கு இருப்பதே அந்த மேல் அரையடியில்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை தெளிவானது: தண்ணீர் தேங்கும் நிலத்தில் குவியல், சரிவில் சரிவுக்குக் குறுக்கே பார், நீர் வடியும் சமதளத்தில் தட்டையாக. குவியல் 25 முதல் 30 செ.மீ. உயரம் இருந்தால் போதும். நடவு இடைவெளி 90 செ.மீ., கம்பை 5 செ.மீ. ஆழம் நேராக ஊன்ற வேண்டும்.

சரிவு அதிகம் என்றால் முழு நிலத்தையும் கொத்த வேண்டியதே இல்லை. நடும் இடத்தை மட்டும் மண்வெட்டியால் 20, 25 செ.மீ. கொத்திக் குவித்து, இடையில் இருக்கும் புல்லை அரிந்து குவியலைச் சுற்றிப் போர்த்துங்கள். மரச்சீனியைப் பொறுத்தவரை பிடுங்கும்போதே மண் ஒரு தடவை முழுக்கக் கிளறப்படுகிறது, அதையும் உழவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிடுங்கிய உடனே அடுத்த நடவு என்றால் தனியாக இன்னொரு உழவுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. இடையிடையே ஒரு வரிசை புல்லைச் சரிவுக்குக் குறுக்காக வெட்டாமல் விட்டுவைத்தால் ஓடிவரும் மண் அங்கே நின்றுவிடும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்குப் பதில் காற்று. கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் மண்ணைப் பொடியாக்கிப் போட்டால் நுண்மண் எல்லாம் பறந்துவிடும். கொத்துக் கலப்பையால் கட்டி கட்டியாக, காற்றுக்குக் குறுக்கே ஒரு சால் ஓட்டிவிட்டு, பழைய பயிரின் தாளை எரிக்காமல் மேலேயே கிடக்க விடுங்கள். கடற்கரை மணலுக்கு உழவு மிகக் குறைவாகவும் தொழுவுரம் மிக அதிகமாகவும் வேண்டும், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் வயலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்

நான் சொன்னதை நம்பி மொத்த நிலத்தையும் மாற்ற வேண்டாம். ஒரே மண், ஒரே மடை உள்ள வயலில் 10 சென்ட் பழையபடியும் 10 சென்ட் புது முறையிலும் செய்யுங்கள். விதை, உரம், விதைக்கும் நாள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், உழவு மட்டும் வேறு. ஒரு நோட்டில் வண்டி வாடகை, களையெடுத்த ஆள் கூலி, எத்தனை தண்ணீர் பாய்ச்சினீர்கள், கடைசியில் எடை, இந்த நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். விளைச்சலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உழாமல் போட்ட பயறு சில கிலோ குறைந்தாலும் உழவுக் கூலியையும் தண்ணீரையும் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது கூடுதலாக இருக்கலாம். ஒரு போகத்தோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், அதற்கு அடுத்த பயிரையும் அதே இரண்டு துண்டில் எடை போட்டுப் பாருங்கள்.

கருவிக்கு: வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். உளிக்கலப்பை வேண்டும் என்றால் அறுவடை முடிவதற்கு முன்பே கேட்டு வையுங்கள், கோடை மழை வந்து மண் நனைந்த பிறகு அது கிடைத்தும் பயனில்லை. நெல் பற்றிய சந்தேகத்துக்குத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. போகும்போது குழியிலிருந்து மேல்மண் ஒரு பையிலும் தட்டுக்குக் கீழே உள்ள மண் ஒரு பையிலும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போங்கள்.